இரண்டு டொப்லரோன்: ஒரு துணைப் பிரதமரை ஸ்வீடன் பத்திரிகைகள் எழுதிய விதம்

1995 அக்டோபர் 7 அன்று ஸ்டாக்ஹோமின் எக்ஸ்பிரஸ்ஸன் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. துணைப் பிரதமர் மோனா சாலின், அரசாங்கம் கொடுத்த கடன் அட்டையைச் சொந்தச் செலவுக்கும் பயன்படுத்தியிருக்கிறார் என்பது செய்தி. வாடகைக்கு எடுத்த கார், துணிமணி, ரொக்கமாக எடுத்த பணம், கடையில் வாங்கிய சில்லறைச் சாமான்கள் என்று பட்டியல் போனது. மொத்தம் 53,174 குரோனா என்று பின்னால் கணக்கு சொன்னார்கள். சில்லறைச் சாமான்களில் இரண்டு டொப்லரோன் சாக்லேட்டும் உண்டு.

அமைச்சர் அட்டையில் சாக்லேட் வாங்கியதெல்லாம் ஒரு ஊழலா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். அங்கே அது ஒரு பிரதமர் பதவியையே தட்டிப் பறித்தது. அந்த ஆகஸ்டில்தான் பிரதமர் இங்வார் கார்ல்சொன், தான் அடுத்த வசந்தத்தில் விலகப் போவதாக அறிவித்திருந்தார். அவருக்குப் பின் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமைக்குப் பேசப்பட்ட ஒரே பெயர் சாலின். வயது 38. தலைமை அவர் கைக்கு வந்திருந்தால் ஸ்வீடனின் முதல் பெண் பிரதமர் ஆகியிருப்பார். செய்தி வெளியான ஐந்தாவது வாரம், நவம்பர் 10 அன்று, போட்டியிலிருந்தும் அரசிலிருந்தும் விலகுவதாகச் சொல்லிவிட்டார். 1996 மார்ச்சில் நிதியமைச்சர் யோரான் பெர்சொன் கட்சித் தலைவரானார், கையோடு பிரதமரும் ஆனார். ஸ்வீடனில் ஒரு பெண் பிரதமராக 2021 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நார்வே அதை 1981-லேயே பார்த்துவிட்டது. டென்மார்க் 2011-ல்.

இந்த விவகாரத்தை ஸ்வீடனில் இன்றும் டொப்லரோன் விவகாரம் என்றுதான் சொல்கிறார்கள். கார் விவகாரம் என்று சொல்லவில்லை, ரொக்க விவகாரம் என்றும் சொல்லவில்லை. தொகையில் பெரும்பங்கு காருக்கும் ரொக்கத்துக்கும் துணிக்கும் போயிருக்க, பெயர் மட்டும் சில்லறை விலைக்குக் கிடைக்கும் சாக்லேட்டுக்குப் போனது. ஸ்காண்டிநேவியச் செய்தி ஊடகங்கள் பெண்ணை எப்படிக் காட்டுகின்றன என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெயரைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அங்கே பெண் செய்திக்குள் வராமல் போவதில்லை. முதல் பக்கத்துக்கே வருகிறார். வரும்போது அவர் கையில் எந்தப் பொருளைக் கொடுத்து நிற்க வைக்கிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அந்த ஆண்டு

1995 என்ற ஆண்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கை முழுக்க ஆண் பெண் சமத்துவம் பற்றியது. பட்டியலில் முதலிடம் ஸ்வீடனுக்கு. செப்டம்பரில் பெய்ஜிங்கில் நான்காவது உலகப் பெண்கள் மாநாடு நடந்தது. அதன் செயல்திட்டத்தில் ஊடகத்துக்கென்றே ஒரு தனிப் பகுதி எழுதினார்கள். உலகம் முழுக்க ஒரே நாளின் செய்திகளை எடுத்து, அதில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டமும் அந்த ஆண்டுதான் முதன்முதலாக நடந்தது. விடை 17 சதவீதம். நூறு பேரைப் பற்றிச் செய்தி வந்தால் 83 பேர் ஆண்கள்.

உள்ளூரிலும் காற்று மாறியிருந்தது. 1991 தேர்தலில் ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் பெண்களின் பங்கு குறைந்துபோனது. பெண் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு வலைப்பின்னலைத் தொடங்கி, நிலைமை மாறாவிட்டால் தனிக்கட்சியே தொடங்கிவிடுவோம் என்று கட்சிகளை மிரட்டினார்கள். மிரட்டல் வேலை செய்தது. 1994 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளர் பட்டியலில் ஆண், பெண், ஆண், பெண் என்று மாறி மாறி நிறுத்தியது. ஜெயித்துவந்த கார்ல்சொன் அமைச்சரவையில் சரிபாதி பெண்கள். அந்தப் பட்டியல்கள் தயாரான சமயத்தில் கட்சிச் செயலாளராக இருந்தவர் சாலின். அரசில் துணைப் பிரதமர் பதவியோடு சமத்துவத் துறையும் அவரிடமே வந்தது. ஆக, எக்ஸ்பிரஸ்ஸன் செய்தி ஏதோ ஒரு அமைச்சரைப் பற்றியது இல்லை. அந்தப் புதிய ஏற்பாட்டின் முகமாக நின்ற ஆளைப் பற்றியது.

செய்தி சரியான செய்திதான்

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்திரிகைகள் சேர்ந்து ஒரு பெண்ணைக் கவிழ்த்தன என்று இந்தக் கதையைச் சுருக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்வீடனில் 1766 முதல் அச்சுச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. அரசு ஆவணங்களை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்ற உரிமையும் அதிலேயே அடக்கம். அமைச்சரின் அட்டைக் கணக்கும் அப்படிக் கேட்கக்கூடிய ஒன்றுதான். ஒரு நிருபர் அதைக் கேட்பதும், தனிச் செலவு இருக்கிறதே என்று எழுதுவதும் அவருடைய வேலை. அட்டையை முன்பணம் மாதிரி எடுத்துக்கொண்டேன், திருப்பிக் கட்டிவிட்டேன் என்பது சாலினின் விளக்கம். பணத்தைக் கட்டியதும் உண்மை. ஆனால் அரசு அட்டையைச் சொந்தப் பணப்பை மாதிரி வைத்துக்கொள்வது அந்த ஊர் ஒழுங்குக்கு ஒத்துவராது.

நேரமும் மோசமான நேரம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வங்கிகள் சரிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் ஏறி, அரசு செலவைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளுக்கு மாதாமாதம் தரும் உதவித்தொகையிலேயே கை வைக்க முடிவெடுத்திருந்தார்கள். ஊரையெல்லாம் சிக்கனமாக இருக்கச் சொல்லும் அரசின் இரண்டாவது நாற்காலியில் இருப்பவர் இப்படிச் செய்யலாமா என்ற கோபத்துக்கு ஆண் பெண் கணக்கு தேவையில்லை. போதாததற்கு, வரி கட்டுவது ஒரு சூப்பரான விஷயம் என்று சாலின் அதற்கு முந்தைய ஆண்டு பேசியிருந்தார். அந்த வாக்கியத்தை எடுத்து அவர் மேலேயே திருப்பி வீச யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

ரசீதிலிருந்து வீட்டுக்குள்

சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. முதல் நாள் செய்தி அரசு அட்டை பற்றியது. அடுத்தடுத்த நாட்களில் செய்தி மெல்ல வீட்டு வாசலுக்குப் போய், அப்புறம் உள்ளேயும் நுழைந்தது. கட்டாத பார்க்கிங் அபராதங்கள் வெளியே வந்தன. குழந்தைகள் காப்பகத்துக்கு நேரத்தில் கட்டாத கட்டணம் வெளியே வந்தது. இவற்றில் எதுவும் அரசு அட்டை சம்பந்தப்பட்டதில்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு ஆளைச் செதுக்கின: கணக்கு வழக்குத் தெரியாத, பில்லை மேசை டிராயரில் போட்டு மறந்துவிடுகிற ஒருத்தி. வீட்டையே நிர்வகிக்கத் தெரியாதவர் நாட்டை எப்படி நிர்வகிப்பார் என்ற கேள்வி தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். காப்பகக் கட்டணம் ஒரு குடும்பத்தின் பில். சாலினுக்குக் கணவர் இருந்தார், மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அந்த பில்லை யார் கட்ட மறந்தார்கள் என்பது அந்த வீட்டுக்குள் நடந்த விஷயம். செய்தியில் அது ஒரே ஒருவரின் குறை ஆனது. நிதியமைச்சரான ஒரு ஆணின் வீட்டில் காப்பக பில் தாமதமானால் அதை அவருடைய நிதி நிர்வாகத் திறமைக்கு அத்தாட்சியாக யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்களா? மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வேலை பளு என்று விட்டிருப்பார்கள்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தச் சித்திரத்தைப் பத்திரிகைகள் மட்டும் வரையவில்லை. அக்டோபர் நடுவில் சாலின் செய்தியாளர்களைக் கூட்டி நீண்ட விளக்கம் கொடுத்தார், தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டியது. வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஓடுகிற, கடையில் அவசரமாக எதையோ வாங்குகிற, எல்லாக் குடும்பத்தையும் போன்ற ஒரு குடும்பத்தின் தாய் என்ற இடத்திலிருந்துதான் அவரும் பேசினார். டயாப்பரையும் சாக்லேட்டையும் அவரே முன்னால் எடுத்து வைத்தார், தவறு எவ்வளவு சின்னது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார் என்று பின்னால் பலர் எழுதினார்கள். பெரிய பொய்க்காரி என்ற பெயரைவிடச் சாக்லேட் வாங்கிய அம்மா என்ற பெயர் பாதுகாப்பானது என்று அவர் நினைத்திருக்கலாம். அரசியலுக்கு வந்ததிலிருந்தே அவருடைய பலம் அதுதான். 25 வயதில் நாடாளுமன்றத்துக்குப் போய், சாதாரணப் பெண் மாதிரி பேசி, சாதாரணப் பெண் மாதிரி உடுத்தி ஜெயித்தவர். ஊடகங்களும் அதுவரை அந்தச் சித்திரத்தை ரசித்தே போட்டன. அக்டோபரில் அதே சித்திரத்தைக் கவிழ்த்துப் போட்டார்கள், அவ்வளவுதான். இயல்பானவர் என்று இருந்தது அசிரத்தையானவர் என்று ஆனது. வீட்டுக்காரி என்ற சட்டகம் இரண்டு காலத்திலும் ஒன்றேதான்.

அதனால் சாலினுக்கு எதிராக ஊடகங்கள் சதி செய்தன என்று சொல்ல ஆதாரம் போதாது. அவர் ஏறிய ஏணியிலேயே இறக்கினார்கள் என்று சொல்லலாம். 1996 ஜனவரியில் அரசு வழக்கறிஞர் விசாரணையை முடித்துக்கொண்டார். வழக்குத் தொடரவில்லை. அதற்குள் பிரதமர் பதவி வேறு பக்கம் போய்விட்டது.

பதினொரு ஆண்டு கழித்து ஒரு வாரம்

ஒரே ஒரு சம்பவத்தை வைத்து ஆண் என்றால் விட்டிருப்பார்கள் என்று பேசுவது சுலபம், நிரூபிப்பது கடினம். ஆளும் வேறு, காலமும் வேறு. ஸ்வீடன் 2006 அக்டோபரில் ஆய்வாளர்கள் வேண்டிக்கொண்டது மாதிரி ஒரு வாரத்தைக் கொடுத்தது.

ஃப்ரெட்ரிக் ரைன்ஃபெல்ட் தலைமையில் வலதுசாரிக் கூட்டணி அப்போதுதான் பதவியேற்றிருந்தது. சில நாட்களிலேயே செய்திகள் வரத் தொடங்கின. வர்த்தக அமைச்சர் மரியா பொரேலியுஸ் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, வரிக் கணக்கில் வராமல் சம்பளம் கொடுத்திருக்கிறார். அரசு ஒலிபரப்புக்காகத் தொலைக்காட்சி உள்ள வீடுகள் அப்போது கட்ட வேண்டியிருந்த தொலைக்காட்சிக் கட்டணமும் கட்டவில்லை. கலாசார அமைச்சர் செசிலியா ஸ்டேகோ ஷிலோவும் அதே மாதிரி ஆள் வைத்திருந்தார், 16 ஆண்டுகளாகத் தொலைக்காட்சிக் கட்டணம் கட்டவில்லை. குடியேற்றத் துறை அமைச்சர் டோபியாஸ் பில்ஸ்ட்ரோம் என்பவரும் பல ஆண்டுகள் அந்தக் கட்டணத்தைக் கட்டாதவர். நிதியமைச்சர் ஆண்டர்ஸ் போரியும் வீட்டு வேலைக்கு வரி காட்டாமல் ஆள் வைத்ததை ஒப்புக்கொண்டார். கட்டணத்தை வசூலிக்கும் அமைப்பு அமைச்சர்கள் மேல் போலீசில் புகாரே கொடுத்தது.

அக்டோபர் 14-ல் பொரேலியுஸ் போனார். 16-ல் ஸ்டேகோ ஷிலோ போனார். பில்ஸ்ட்ரோமும் போரியும் இருந்தார்கள். பில்ஸ்ட்ரோம் பின்னாளில் வெளியுறவு அமைச்சராகவே ஆனார். போரி எட்டு ஆண்டுகள் நிதியமைச்சராக நீடித்து, ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கினார்.

பெண்கள் இருவர் போனார்கள், ஆண்கள் இருவர் இருந்தார்கள் என்று இதோடு நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். உண்மை அவ்வளவு நேராக இல்லை. அரசு ஒலிபரப்பு கலாசார அமைச்சரின் துறைக்குள் வருகிறது. தன் துறைக்கு ஊர் கட்டும் பணத்தைத் தானே 16 ஆண்டு கட்டாதவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது, அதற்குப் பெண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பொரேலியுஸ், முறைப்படி வரி கட்டி ஆள் வைக்க வசதி இருக்கவில்லை என்று சொன்னார். ஸ்வீடனில் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது யாரும் பார்க்கக்கூடிய தகவல். நிருபர்கள் எடுத்துப் பார்த்தார்கள், அந்தக் குடும்பத்தின் வருமானம் கோடீஸ்வர வருமானம். அதற்குப் பிறகு அவரைக் காப்பாற்ற ஆளில்லை.

இவ்வளவையும் கழித்த பிறகும் ஏதோ மிச்சம் நிற்கிறது. வரி காட்டாமல் வீட்டில் ஆள் வைத்த விஷயம் இரண்டு பெண் அமைச்சர்களின் தலைப்பாகவே ஆனது. போரி விஷயத்தில் அது அவர் பொருளாதாரக் கொள்கையின் அடிக்குறிப்பு. வரிக் கணக்கில் வராத வீட்டு வேலையை ஒழிக்க அந்த வேலைக்கு வரிச் சலுகை தரலாம் என்பது அந்தக் கூட்டணியின் திட்டம். நிதியமைச்சர் வீட்டில் நடந்ததைக்கூட அந்தக் கொள்கைப் பேச்சுக்குள் நுழைக்க முடிந்தது. ஒரே தவறு, அமைச்சராக இருந்த தாய்க்கு ஒழுக்கப் பிரச்சினையாகவும் அமைச்சராக இருந்த தந்தைக்குக் கொள்கைப் பிரச்சினையாகவும் போய்ச் சேர்ந்தது. அந்தச் செய்திகளை எழுதியவர்கள் எல்லாரும் ஆண்களும் இல்லை. ஸ்வீடன் பத்திரிகையாளர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். ஆசிரியர் குழுவில் பெண்கள் நிறைந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்று நம்பியவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான தகவல்.

டென்மார்க்: கைப்பையும் உள்ளாடையும்

பால்டிக் நீரைத் தாண்டி டென்மார்க்குக்குப் போனால் கதை வேறு நிறத்தில் இருக்கிறது. 2005-ல் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவரான ஹெல்லே தோர்னிங்-ஷ்மிட்டுக்கு ஊடகங்களில் ஒட்டிக்கொண்ட பெயர் கூச்சி ஹெல்லே. கூச்சி என்பது விலையுயர்ந்த உடுப்பும் கைப்பையும் விற்கும் இத்தாலிய நிறுவனம். நன்றாக உடுத்துவார், விலையுயர்ந்த கைப்பை வைத்திருப்பார். தொழிலாளர் கட்சியின் தலைவருக்கு இது பொருந்துமா என்பது கிண்டலின் உள்ளே இருந்த கேள்வி. 2011-ல் அவர் பிரதமரான பிறகும் பெயர் விடவில்லை. 2010-ல் ஸ்வீடன் தேர்தல் நேரத்தில், அப்போது கட்சித் தலைவராகத் திரும்பி வந்திருந்த மோனா சாலினின் லூயி வுய்ட்டான் கைப்பையும் இதே மாதிரி செய்தி ஆனது. இடதுசாரிப் பெண் தலைவரின் கைப்பையைச் சோதிப்பது அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் போலிருக்கிறது.

2013 டிசம்பரில் மண்டேலா நினைவஞ்சலியில் ஒபாமாவோடும் கேமரனோடும் தோர்னிங்-ஷ்மிட் செல்ஃபி எடுத்தாரே, அந்தப் படம் உலகம் சுற்றியது. அவரும் ஒபாமாவும் சிரித்துப் பேசுவது ஒரு படத்தில், பக்கத்தில் மிஷேல் ஒபாமா இறுகிய முகத்தோடு இருப்பது இன்னொன்றில். இரண்டையும் சேர்த்து ஒரு பொறாமைக் கதையைச் செய்துவிட்டார்கள். சில நொடி முன்புவரை மிஷேலும் மற்றவர்களோடு சிரித்துக்கொண்டிருந்தார், அந்த முகபாவம் தற்செயல் என்று படம் எடுத்த ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரரே எழுதினார். யார் கேட்டார்கள். இதில் குற்றவாளி டென்மார்க் ஊடகம் இல்லை, உலக ஊடகம். ஆனால் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்த சித்திரத்தில் இந்தப் படம் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

டென்மார்க்கை இங்கே கொண்டுவரக் காரணம் தோர்னிங்-ஷ்மிட் மட்டுமில்லை. அவருக்கு முன்னும் பின்னும் பிரதமராக இருந்த லார்ஸ் லொக்கே ராஸ்முசனும்தான். உடுப்பை வைத்துப் பெண்களை மட்டும்தான் கேலி செய்வார்கள் என்ற வாதத்தைத் தனி ஆளாக உடைத்தவர். மாவட்டத் தலைவராக இருந்த காலத்தின் டாக்சி, சாப்பாட்டு ரசீதுகளுக்காக 2008-ல் மாட்டினார். 2009-ல் பிரதமர் ஆனார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த 2013-ல், தான் தலைவராக இருந்த ஒரு சர்வதேசப் பசுமை அமைப்பின் செலவில் முதல் வகுப்பில் பறந்தது வெளியே வந்தது. மணிக்கணக்கில் நீண்ட செய்தியாளர் சந்திப்பில் உட்கார்ந்து பதில் சொன்னார். 2014-ல் கட்சிப் பணத்தில் 152,000 குரோனருக்கு அவருக்குத் துணி வாங்கியிருக்கிறார்கள், அதில் உள்ளாடையும் அடக்கம் என்று எக்ஸ்ட்ரா பிளாடெட் பத்திரிகை எழுதியது. நாடே அந்த உள்ளாடையைப் பார்த்துச் சிரித்தது. ஓடென்சேயில் கட்சிச் செயற்குழு கூடியது, போய்விடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், போகவில்லை. அடுத்த ஆண்டே மறுபடி பிரதமர்.

ஆக, ஆணின் துணியும் செய்தி ஆகும். கேலியின் அளவில் வித்தியாசம் இருக்கிறதா என்று தேடினால் பெரிதாகக் கிடைக்காது. கேலி எதைச் சொல்லிற்று என்பதில் கிடைக்கும். ராஸ்முசனின் துணியைப் பற்றிய கேள்வி, யார் பணம் கொடுத்தார்கள் என்பது. தோர்னிங்-ஷ்மிட் கைப்பையைத் தன் பணத்தில் வாங்கியிருந்தார், அதில் கேட்க வேறு கேள்வியே இல்லை, அழகாக இருக்க ஆசைப்படுகிறார் என்பதைத் தவிர. ஒருவர் ஒரு காரியம் செய்து கேலிக்கு ஆளானார். இன்னொருவர் கைப்பை வைத்திருந்தார். ஸ்வீடனில் யோரான் பெர்சொன் பிரதமராக இருந்தபோதே டோர்ப் என்ற பண்ணையை வாங்கிப் பெரிய வீடு கட்டினார், பத்திரிகைகள் அதையும் விடவில்லை. ஆனால் அந்தக் கிண்டலில் தெரிந்தது ஒரு பண்ணையார். பெருமிதம் கொண்ட, அதிகாரத்தில் ஊறிய ஆண். அது தாக்குதல்தான், சந்தேகமில்லை. அந்தத் தாக்குதலில் அவர் சிறியவராகவில்லை.

எண்ணிக்கை எதைச் சொல்லாது

ஸ்வீடனில் எண்ணுவது ஒரு பழக்கம். 2010-ல் லீனா தோம்ஸ்கோர்ட் என்பவர் தொடங்கிய ஒரு அமைப்பு, பெண் நிபுணர் யாரும் கிடைக்கவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னால் பெயர்ப் பட்டியலையே கையில் கொடுத்தது. நல்ல வேலை. ஆனாலும் 2015-ன் உலகக் கண்காணிப்பில் ஸ்வீடன் செய்திகளில் பெண்கள் 31 சதவீதம்தான். அப்போது நாடாளுமன்றத்தில் அவர்கள் பங்கு சுமார் 44 சதவீதம். உலக சராசரியான 24-ஐ விட மேல் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். சமத்துவத்துக்கு உலகம் உதாரணம் காட்டும் நாட்டில், நாற்காலியில் இருக்கும் பெண்கள் அளவுக்குக்கூடச் செய்தியில் பெண்கள் இல்லை.

ஆனால் இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு 1995 அக்டோபர்தான் ஞாபகம் வருகிறது. அந்த வாரங்களில் யாராவது முதல் பக்கங்களை எண்ணியிருந்தால் பெண்களின் பங்கு கண்டிப்பாக ஏறியிருக்கும். தினம் தினம் ஒரு பெண், அதுவும் அரசியலின் உச்சியில் இருக்கும் பெண், தலைப்புச் செய்தி. எண்ணிக்கைத் தாளில் அது முன்னேற்றம். 2006-ன் அந்த ஒரு வாரமும் அப்படியே. எண்ணுகிறவர்களுக்கு இது தெரியாததில்லை. யார் நிபுணராக வருகிறார், யார் பாதிக்கப்பட்டவராக வருகிறார், யாரை யாருடைய மனைவி என்றோ தாய் என்றோ அறிமுகப்படுத்துகிறார்கள் என்றும் அந்தத் திட்டம் குறித்துக்கொள்கிறது. ஆனால் செய்தியாகிப் பரவுவது அந்த ஒற்றைச் சதவீதம் மட்டும்தான்.

நார்வே: பாதிக்கப்பட்டவராக ஆக்கப்பட்டவர்

இதுவரை பார்த்தவை அதிகாரத்தில் இருந்த பெண்களின் கதைகள். மீ டூ அலைக்குப் பிறகு ஸ்காண்டிநேவிய ஊடகங்கள் பெண்களின் பக்கம் நிற்க முடிவெடுத்தன. பெரும்பாலும் சரியாகவே செய்தன. 2017 நவம்பரில் டாகென்ஸ் நீஹெட்டர் பத்திரிகையில் 18 பெண்கள் பாலியல் அத்துமீறல் பற்றிப் பேசியபின் இலக்கிய நோபலைத் தரும் ஸ்வீடிஷ் அகாதெமியே ஆடிப்போய், அடுத்த ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு தள்ளிப்போனது. அதே நல்லெண்ணம் எங்கே இடறும் என்பதற்கு நார்வேயில் ஒரு உதாரணம் இருக்கிறது.

தொழிலாளர் கட்சியின் துணைத் தலைவர்களில் ஒருவரான ட்ரொண்ட் கிஸ்கே, பெண்களிடம் முறைகேடாக நடந்ததாக வந்த புகார்களுக்குப் பிறகு 2018 ஜனவரியில் பதவி விலகினார். 2019 பிப்ரவரியில், தன் சொந்த மாகாணமான ட்ரொண்டலாகில் அவர் கட்சிப் பொறுப்புக்குத் திரும்பப் போகிறார் என்ற பேச்சு அடிபட்ட நேரம், ஓர் ஓஸ்லோ மதுக்கூடத்தில் அவர் ஒரு இளம்பெண்ணோடு நடனமாடும் காணொளி வி.ஜி. பத்திரிகையின் கைக்கு வந்தது. நாட்டின் மிகப் பெரிய பத்திரிகைகளில் ஒன்று அது. காணொளியைப் பற்றிச் செய்தி போட்டது, அந்தப் பெண்ணின் மேற்கோளோடு. படிப்பவர்களுக்கு மறுபடியும் அதே ஆள், மறுபடியும் ஒரு பெண் என்றுதான் தோன்றும்.

அந்தப் பெண் அப்படி நினைக்கவில்லை. நிருபர் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டு அழுத்தம் கொடுத்தார், பத்திரிகையில் வந்த வார்த்தைகள் தன்னுடையவை அல்ல என்றார் அவர். நார்வேயில் ஊடகங்கள் தாங்களே அமைத்துக்கொண்ட ஒரு முறைமன்றம் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் நான்கு பேர், பொதுமக்கள் தரப்பில் மூன்று பேர். அந்த மார்ச்சில் அது வி.ஜி. பல விதிகளை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. வி.ஜி.யும் தன் பங்குக்கு உள்ளே ஆராய்ந்து, தான் எங்கே தவறியது என்று வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. சொந்தப் பிழையை இவ்வளவு விரிவாக எழுதும் பத்திரிகைகள் உலகத்தில் அதிகம் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிஸ்கே பொறுப்புக்குத் தகுந்தவரா இல்லையா என்பது வேறு விவகாரம். அதற்கு முந்தைய புகார்கள் போதுமா போதாதா என்று அவர் கட்சி முடிவு செய்ய வேண்டியது. ஒரு பெண் பாதிக்கப்பட்டவர் என்ற இடம் செய்தியில் காலியாக இருந்தது, அந்த இடத்துக்கு ஒருவரை உட்கார வைத்தார்கள். 1995-ல் எக்ஸ்பிரஸ்ஸன் கேட்ட கேள்விக்குச் சாலின் பதில் சொல்ல மேடை இருந்தது, நாடே நேரடியாகப் பார்த்தது. 2019-ல் இந்தப் பெண் தான் உண்மையில் என்ன சொன்னேன் என்று சொல்ல, டி.வி. 2 என்ற வேறொரு நிறுவனத்துக்குப் போக வேண்டியிருந்தது.